கிணறு யார் பங்கில் விழும்

2012 ஜூன் மாதம் என் அண்ணன் மீதும் தம்பி மீதும் பாகப்பிரிவினை வழக்குத் தொடர்ந்தேன். 2022 நவம்பரில் அது சமரசத்தில் முடிந்தது. பத்து ஆண்டுகள் நீதிமன்றம், கடைசியில் நான்கே மாதம் சமரச மையம். இந்தக் கணக்கைக் கேட்டவர்கள் எல்லோரும், "முதலிலேயே சமரசமாகப் போயிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லையே" என்றார்கள். நான் முதலில் போனதே சமரசத்துக்குத்தான். அங்கே நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

அப்பா 2009-ல் காலமானார். உயில் எழுதவில்லை. அம்மா மூன்று ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார். மூன்று ஏக்கர் அறுபது சென்ட் புஞ்சை, அதில் ஒரு கிணறு, ஊருக்குள் ஓர் ஓட்டு வீடு. எல்லாம் தாத்தா வழி வந்தவை. எனக்குத் திருமணம் நடந்தது 1987-ல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் வந்த திருத்தம், 1989 மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. "உனக்குத்தான் அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டதே" என்பது ஊரில் எல்லோர் வாயிலும் இருந்த சட்டம். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது.

2011-ல் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பேசினார்கள். ஐந்து பேரும் ஆண்கள். அண்ணனும் தம்பியும் அவர்களுக்குச் சமமாக மேலே உட்கார்ந்திருந்தார்கள். நான் கீழ்ப்படியில் நின்றேன். "அவர்களாகப் பார்த்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டு உறவைக் காப்பாற்றிக்கொள் அம்மா" என்றார் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். இரண்டு லட்சம் ரூபாய் என்று ஒரு தொகையும் சொன்னார்கள். என் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை யாரும் எழுப்பவே இல்லை. பேசித் தீர்ப்பது எப்போதும் நல்லது என்று சொல்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கீழ்ப்படி நினைவுக்கு வருகிறது. உரிமை இருக்கிறது என்பதையே ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாத இடத்தில் நடக்கும் பேச்சு, இல்லாதவரை வாயடைக்கும் பேச்சாகத்தான் முடியும்.

அடுத்த ஆண்டு நிலத்துக்கு விலை பேசி முன்பணம் வாங்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வழக்கறிஞரிடம் ஓடினேன். வழக்குரையோடு, விற்கக் கூடாது என்று தற்காலிகத் தடையாணை கேட்டு ஒரு மனுவும் போட்டார். தடை கிடைத்தது. அந்த ஒற்றைத் தாள் இல்லாமல் போயிருந்தால், பத்து ஆண்டு கழித்துச் சமரசம் பேச எங்களிடம் நிலமே மிஞ்சியிருக்காது. எதிராளியின் கையை இன்றைக்கே பிடித்து நிறுத்த வேண்டிய நிலையில் முதலில் போக வேண்டிய இடம் நீதிமன்றம்தான். சமரசம் செய்துவைப்பவருக்குத் தடையாணை போடும் அதிகாரம் கிடையாது. காலவரையறையும் அப்படியே. கடன் பத்திரத்துப் பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. "பேசிக்கொண்டிருக்கிறோம், கொடுத்துவிடுவார்" என்று உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கெடு ஓடி முடிந்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆயிற்று.

வழக்குக்கு நம்பர் ஆனது, சம்மன் போனது, எதிர்வழக்குரை வந்தது. அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. 2001-லேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்களாம். கல்யாணத்தில் போட்ட நகைக்குப் பதிலாக நான் உரிமையை விட்டுவிட்டேனாம். மூன்றாவது வரியை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்: "வாதி தன் தந்தையாரை அவரது இறுதிக் காலத்தில் ஒருநாளும் வந்து பார்த்தவர் அல்ல." அப்பாவுக்குக் கடைசிப் பதினொரு நாள் கஞ்சி ஊட்டியவள் நான். அந்த எதிர்வழக்குரை வந்த பிறகு, அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கூட நான் போகவில்லை.

பிறகு வாய்தாக்கள். நீதிபதி விடுப்பு, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறு கோர்ட்டில், சாட்சி வரவில்லை, நீதிபதி மாறுதல், புதிய நீதிபதி வழக்குக் கட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய், கூப்பிடும் வரை வராந்தாவில் நின்று, தேதி வாங்கிக்கொண்டு திரும்புவேன். ஆறு ஆண்டு இப்படிப் போனது. ஆனாலும் நீதிமன்றத்தைக் குறைசொல்லி இந்தப் பகுதியை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2018-ல், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தபோது அதில் மூன்றில் ஒரு பங்கு வாதிக்கு உரியது என்று எழுதியிருந்தது. வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற வாதம் நிற்கவில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்ததாகச் சொல்லும் பிரிவினை, பதிவு செய்த பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணையாகவோ இருக்க வேண்டும் என்று 2005 திருத்தமே சொல்கிறது. கோயில் மண்டபத்தில் யாரும் எனக்குத் தராத ஒன்றை அந்த நீதிபதி தந்தார்: நான் பங்குதாரர் என்ற எழுத்து.

அண்ணனும் தம்பியும் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். நிலத்தை அளந்து பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணைக்கு நான் மனுப் போட்டேன். நீதிமன்றம் நியமித்த வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து, சங்கிலி பிடித்து அளந்து, நிலத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வரைபடம் கொடுத்தார். கிணறு பி பங்கில் விழுந்தது. அண்ணன் அந்த அறிக்கைக்கு ஆட்சேபனை போட்டார். அதற்குள் கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2022 ஜூலையில் மேல்முறையீடு விசாரணைக்கு வந்த அன்று, மாவட்ட நீதிபதி கட்டைப் புரட்டிவிட்டு, "உடன்பிறந்தவர்கள்தானே, சமரச மையத்துக்கு அனுப்புகிறேன்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடியும் ஒரு கோயில் மண்டபம் என்று நினைத்தேன். என் வழக்கறிஞர் அமைதியாகச் சொன்னார்: "அம்மா, போனதடவை உங்கள் கையில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை தீர்ப்பாணை இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். அடுத்த தேதியில் மேல்முறையீடு இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கும்." அந்த ஒரு வாக்கியத்தில்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இருக்கிறது என்று பின்னால் புரிந்துகொண்டேன்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு. 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பிரிவைக் கொண்டுவந்த திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2005-ல் வந்த தீர்ப்புதான் நாடு முழுவதும் உயர் நீதிமன்றங்கள் சமரச விதிகள் வகுக்க வழி செய்தது. அதே 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்ற வகையில் இந்தியாவில் அதுவே முதல். பிறகு மாவட்டங்களுக்கும் பரவியது. மையத்தில் எங்களிடம் ஒரு ரூபாய் கூடக் கட்டணம் வாங்கவில்லை.

அறை சின்னது. வட்ட மேசை. இது அற்பமான விவரமாகத் தோன்றலாம். பத்து ஆண்டு கூண்டுக்கும் வராந்தாவுக்கும் இடையில் நின்ற எனக்கு, அண்ணனுக்குச் சமமாக நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். சமரசம் செய்துவைக்க வந்தவர் அனுபவமுள்ள ஒரு பெண் வழக்கறிஞர். முதலிலேயே மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டார்: தீர்ப்புச் சொல்வது தன் வேலை அல்ல, இங்கே பேசுவது எதுவும் நீதிமன்றத்துக்குப் போகாது, தீர்ந்தது அல்லது தீரவில்லை என்று மட்டுமே போகும், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

முதல் இரண்டு அமர்வும் சண்டைதான். நான் எதிர்வழக்குரையின் நகலை எடுத்து மேசையில் வைத்து, அந்தப் "பார்த்தவர் அல்ல" வரியைப் படித்தேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "இப்படியா எழுதியிருக்கிறது?" என்றார். குமாஸ்தா பென்சிலில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். "அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினது நீதான் அம்மிணி, அது எனக்குத் தெரியாதா?" என்றார். ஒன்பது ஆண்டு ஒரு வரியைச் சுமந்தேன். அதை எழுதியவருக்கும் என்னைத் தெரியாது, கையெழுத்துப் போட்டவருக்கும் அந்த வரி தெரியாது. வழக்குப் போடப் போகிறவர்களுக்கும் பதில் போடப் போகிறவர்களுக்கும் நான் கெஞ்சிச் சொல்வது இதுதான்: தட்டச்சு செய்த தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வழக்கு முடிந்தாலும் அந்த வரிகள் முடிவதில்லை.

மூன்றாவது அமர்வில் சமரசம் செய்துவைப்பவர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, நிலத்தை வரையச் சொன்னார். நான் நான்கு பக்கமும் எல்லைக்கோடு போட்டு, அதை மூன்றாகப் பிரித்தேன். தம்பி ரோட்டை வரைந்து, அதிலிருந்து வண்டிப் பாதையை இழுத்தான். அண்ணன் தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டார். பிறகு வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அப்புறம் எல்லைக்கோடே போடாமல் பேனாவை வைத்துவிட்டார்.

"அந்தப் புள்ளி என்ன ஐயா?" என்று கேட்டார் அவர்.

"கிணற்றுக்குள் போட்ட போர். 2004-ல் தண்ணீர் அடியோடு வற்றியபோது கடன் வாங்கிப் போட்டேன். இரண்டு தடவை புகைதான் வந்தது. மூன்றாவது தடவைதான் தண்ணீர்."

பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என் முறை வந்தபோது ஒரே ஒரு கேள்விதான்: "வழக்கில் முழுவதுமாக நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மறுநாள் காலை அந்த நிலத்தில் போய் என்ன செய்வீர்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு வேண்டியது ஒப்புதல். அப்பா நிலத்தில் ஒரு துண்டு என் பெயரில் பட்டாவாக இருக்க வேண்டும். ஏதோ விளைந்து வீட்டுக்கு ஒரு மூட்டை கடலை வர வேண்டும். கிணறு என் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அண்ணனோ இத்தனை ஆண்டு இழுத்தடித்ததே கிணறு பங்கு பிரிவதில் யாருக்கோ போய்விடும் என்ற பயத்தில்தான். என் மூன்றில் ஒரு பங்கை அவர் எப்போதோ மனதில் ஒப்புக்கொண்டிருந்தார்.

அப்படியானால் ஏன் அதை நீதிமன்றத்தில் சொல்லவில்லை? சொல்ல முடியாது. "கிணற்றை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்" என்று எதிர்வழக்குரையில் எழுதினால், நிலத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவருடைய வழக்கறிஞர் அதை எழுத விட்டிருக்க மாட்டார். அவர் இடத்தில் என் வழக்கறிஞர் இருந்தாலும் விட்டிருக்க மாட்டார். நீதிமன்றத்தில் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது, பின்னால் நமக்கு எதிராகவே திரும்புகிறது. அதனால் உண்மையான பயத்தை யாரும் வெளியே காட்டுவதில்லை. சமரச அறையில் பேசுவது வெளியே போகாது என்ற அந்த ஏற்பாட்டை நான் முதலில் சம்பிரதாயமாகத்தான் நினைத்தேன். அந்த வட்டமும் புள்ளியும் தாளில் வந்ததே அதனால்தான். நீதிபதிக்கு முன் இருந்த கேள்வி "வாதிக்குப் பங்கு உண்டா, எவ்வளவு" என்பது. அதற்கு அவர் சரியாகப் பதில் சொன்னார். கிணற்றைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு அமர்வு, ஆனால் அவைதான் கடினமானவை. மனம் இளகிவிட்டால் எழுத்தில் கவனம் குறைகிறது. "எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று, பார்த்துக்கொள்ளலாம்" என்று தம்பி சொல்ல, நானும் தலையாட்டினேன். முதல் வரைவில், "கிணற்றில் மூவரும் உரிய முறைப்படி தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரு வரி. என் வழக்கறிஞர் அதில் பேனாவை வைத்து, "உரிய முறை என்றால் என்ன? இதை வைத்து இன்னொரு பத்து ஆண்டு வழக்கு நடத்தலாம்" என்றார். உட்கார்ந்து மறுபடி எழுதினோம். கிணறு இருக்கும் பகுதியைச் சேர்த்து ஒரு ஏக்கர் இருபது சென்ட் அண்ணனுக்கு. ஒரு ஏக்கர் இருபத்தைந்து சென்ட் தம்பிக்கு. ரோட்டை ஒட்டிய ஒரு ஏக்கர் பதினைந்து சென்ட் எனக்கு. ஐந்து சென்ட் குறைவு, ஆனால் பாதைப் பிரச்சினை இல்லை. வாரத்தில் ஞாயிறும் புதனும் தண்ணீர் என் முறை. அந்த நாளில் மும்முனை மின்சாரம் பகலில் வந்தாலும் இரவில் வந்தாலும் இரண்டும் எனக்கே. மோட்டார் பழுதானால் செலவு மூன்றில் ஒன்று. மின் இணைப்பு அண்ணன் பெயரிலேயே இருக்கும், மற்றவர்களுக்குத் தண்ணீர் உண்டு என்பதை அவர் மறுக்கக் கூடாது. தம்பி நிலத்துக்கு என் ஓரமாகப் பன்னிரண்டு அடி அகல வண்டிப் பாதை, வரைபடம் இணைப்பு. வீடு அண்ணனுக்கு, அதில் என் பங்குக்கு நான்கரை லட்சம், மூன்று தவணை, மூன்று தேதிகள். தவறினால் எத்தனை சதவீத வட்டி, எத்தனை நாள் கழித்து, தீர்ப்பாணையை நீதிமன்றம் வழியாக நடத்திக்கொடுக்கக் கேட்கும் நிறைவேற்று மனுப் போடலாம் என்பது வரை. மொத்தம் பதினான்கு ஷரத்து. எல்லோரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

ஒரு விஷயத்தில் தவறவிட இருந்தோம். வழக்குரையில் சேர்க்காமல் விட்டுப்போன ஆறு சென்ட் தொழுவ இடம் ஒன்று இருந்தது. அதையும் தம்பிக்கு என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டோம். வழக்கில் உள்ள சொத்தைப் பற்றிய சமரசத் தீர்ப்பாணைக்குப் பதிவுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. வழக்கில் இல்லாத அசையாச் சொத்து சமரசத்துக்குள் வந்தால் அந்த விலக்கு கிடையாது; பதிவு செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் தம்பிக்குப் பட்டா மாறுதலில் சிக்கல் வந்திருக்கும். பாகப்பிரிவினைத் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் அந்தச் செலவு யாருடையது என்று ஒரு மனக்கசப்பு வரும். எங்களுக்கு வந்தது.

ஒப்பந்தம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அதன்படி சமரசத் தீர்ப்பாணை ஆனது. இருதரப்பும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. இதன் அருமை வழக்கு நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். ஜெயித்த தீர்ப்புக்கு மேல் இன்னொரு படி இருக்கிறது, அதற்கு மேல் இன்னொன்று, எல்லாம் முடிந்த பிறகு நிறைவேற்று மனு. நான் 2018-ல் ஜெயித்தேன். 2022 வரை ஒரு சென்ட் நிலத்தில் கால் வைக்கவில்லை. சமரசத்தில் வழக்கு முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். எங்கள் வழக்கில் அது சொற்பம். பணம் கேட்டுத் தொடரும் வழக்கில், கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் கட்டுவதால் பெரிய தொகையாக இருக்கும். சமரச மையத்துக்குப் போகாமல் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அது உண்டு என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. பலர் கேட்டு வாங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே முடிப்பது என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. என் கணவருக்கு விபத்து நேர்ந்து, இழப்பீட்டு வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது. அன்று ஒரே நாளில் வரிசையாக வழக்குகள். காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி ஒரு பட்டியலோடு வந்திருந்தார்; எங்கள் முறை பத்து நிமிடம் இருந்திருக்கும். அவர் ஒரு தொகை சொன்னார், நாங்கள் கொஞ்சம் கூட்டிக் கேட்டோம், முடிந்தது. பணம் சீக்கிரம் வந்தது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து மருத்துவச் செலவுகளைக் கூட்டிப் பார்த்தபோது, குறைத்துக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி மக்கள் நீதிமன்றத் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. அது சம்மதம் இல்லாமல் எதையும் திணிக்க முடியாத இடம். நாங்கள்தான் எங்கள் கணக்கைப் போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு தாளில் உங்கள் தொகையையும், இதற்குக் கீழே போனால் எழுந்துவிடுவேன் என்ற தொகையையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். சம்மதம் இல்லையென்றால் வழக்கு பழைய இடத்துக்கே திரும்பும், ஒன்றும் கெட்டுப்போகாது.

நடுவர் தீர்ப்பு முறை இதற்கு நேர்மாறு. பெயரில்தான் அது மாற்று வழி. உள்ளே போனால் தனியார் நீதிமன்றம் மாதிரி. அங்கே நடுவர் தீர்ப்புச் சொல்கிறார், அது கட்டுப்படுத்தும். என் மகன் வாகனக் கடன் பத்திரத்தில் இருபது இடத்தில் கையெழுத்துப் போட்டபோது, தகராறு வந்தால் தொலைதூர நகரம் ஒன்றில் நடுவர் விசாரிப்பார் என்ற ஷரத்துக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டிருக்கிறான். நோட்டீஸ் வந்தபோது "கோர்ட் நோட்டீஸ் இல்லையே" என்று அலமாரியில் வைத்துவிட்டான். அவன் இல்லாமலே தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை நீக்கக் கேட்க மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் முப்பது நாள், அவ்வளவுதான் கெடு; காரணங்களும் குறுகலானவை. தகராறில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தன்னிச்சையாகத் தனி நடுவரை நியமித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்வதற்குக்கூட நோட்டீசுக்குப் பதில் போட்டிருக்க வேண்டும்.

எல்லா வழக்குக்கும் சமரசம் பொருந்தாது. 2010-ல் வந்த ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இதைப் பிரித்துக் காட்டியது. குடும்பம், வியாபாரம், ஒப்பந்தம், அண்டை வீட்டார் தகராறு, நுகர்வோர் குறை இவை போன்றவை பேச ஏற்றவை. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம், தேர்தல் வழக்கு, கடுமையான குற்றம் ஆகியவை அல்ல. என் அனுபவத்தில் இன்னொன்றையும் சேர்ப்பேன்: அடிக்கும் கணவனோடு ஒரு பெண்ணை வட்ட மேசையில் உட்காரவைத்து, "அனுசரித்துப் போ" என்று சொல்வது சமரசம் அல்ல. அது என்னுடைய கோயில் மண்டபம்தான், நாற்காலி மட்டும் போட்டிருக்கிறது.

இப்போது பொழுது மாறியிருக்கிறது. சமரசப் பேச்சுக்கென்றே நாடாளுமன்றம் 2023-ல் தனிச் சட்டம் இயற்றியது. 120 நாட்களில் முடிக்க வேண்டும், இருதரப்பும் இசைந்தால் மேலும் 60 நாள் என்று அது கெடு வைக்கிறது. வணிக வழக்குகளில் அவசரத் தடையாணை எதுவும் கேட்காதவர்கள், வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்கு முயன்றாக வேண்டும் என்பது 2018 முதல் சட்டம். அது கட்டாயம்தான் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நல்லதுதான். ஆனால் யாராவது என்னிடம் வந்து கோர்ட்டா சமரசமா என்று கேட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றே: "உனக்குப் பங்கு உண்டு என்பதை எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்கிறதா?" ஒப்புக்கொண்டு, எவ்வளவு, எப்படி என்பதில் மட்டும் இழுபறி என்றால், நாளைக்கே சமரசத்துக்குப் போகச் சொல்வேன். ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் வழக்கைப் போடு, போட்ட பிறகு பேச்சுக்குக் கதவைத் திறந்து வை. சென்ற மாசியில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் சொன்னேன். அவள் வழக்குப் போட்ட மூன்றாவது வாய்தாவிலேயே அவளுடைய வழக்கறிஞர் சமரசத்துக்கு அனுப்பும்படி மனுப் போட்டுவிட்டார். நான் தீர்ப்பாணை வந்த 2018-லேயே அதைச் செய்திருக்கலாம். நீதிபதி அனுப்பினால்தான் போக முடியும் என்று நினைத்துக்கொண்டு நான்கு ஆண்டைத் தொலைத்தேன், கட்சிக்காரரே கேட்கலாம்.

தவணைகளில் இரண்டாவது நாற்பது நாள் தாமதமானது. வட்டியோடு வந்தது. நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, ஷரத்தே கேட்டுக்கொண்டது. என் நிலத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்குச் செய்கிறார். கடலை போட்டிருக்கிறார்.

2024 கோடையில் ஒரு திங்கட்கிழமை காலை அண்ணனிடமிருந்து போன் வந்தது. வழக்கு முடிந்த பிறகு அவர் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"அம்மிணி, ராத்திரி வோல்டேஜ் குறைந்து மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்டக் கொடுத்திருக்கிறேன். நாளை மறுநாள்தான் தருவான். உன் புதன்கிழமை தவறிப்போகும். என் வியாழக்கிழமையை நீ எடுத்துக்கொள். கடலை பூ வைத்திருக்கிறது, காயக் கூடாது."

பதினான்கு ஷரத்தில் முறை மாற்றிக்கொள்வதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செலவு எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். மூன்றில் ஒரு பங்கை அன்று மாலையே அனுப்பினேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மின்சாரம் வந்ததும் வாய்க்காலில் தண்ணீர் என் பக்கம் திரும்பியதாக வாரக்காரர் போன் செய்தார். மடையைத் திருப்பிவிட்டது அண்ணன்தானாம்.